பாம்புக்குக் கொஞ்சம் புழுக்கம் வேண்டும்

பாம்பு சட்டை உரித்தால் அது ஒரே துண்டாக வரவேண்டும். காலுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே திரும்புமே, அதுபோல மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனிவரை ஒரே குழாயாக. எங்கள் வீட்டு லட்டு தன் முதல் குளிர்காலத்தில் உரித்த சட்டையை நான் கூட்டிப் பெருக்கித்தான் எடுத்தேன். பொரித்த அப்பளத்தை யாரோ மிதித்துவிட்டதுபோல் தொட்டி முழுக்கத் துணுக்குகள். மீதிப் பாதி அதன் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பு உரிந்த சுவர் மாதிரி அங்கங்கே தொங்கியது.

லட்டு ஒரு பால் பைத்தான். கறக்கிற பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் பொத்தி வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்பதால் அந்தப் பெயர். என் மகன் கண்ணுக்கு அது லட்டாகத் தெரிந்தது. பதினாறு வயதில் பிடிவாதம் பிடித்து வாங்கினான். நாங்கள் இருப்பது டொரன்டோவில். சென்னையில் இருக்கும் அம்மாவிடம் வீடியோவில் காட்டினபோது, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள பாம்பாடா?" என்று அதட்டிவிட்டு, அடுத்த மூச்சில் "பால் கீல் வைக்கிறியா?" என்றார். பாலெல்லாம் வேண்டாம், தண்ணீர் போதும் என்றேன். கிண்ணத்தில் இருக்கும் தண்ணீர் மட்டும் போதாது, சுற்றியிருக்கும் காற்றிலும் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கே அப்போது தெரியாது.

முதல்முறை பாம்பு வளர்ப்பவர்களுக்காக அந்தக் காற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை, சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை. அவரவர் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு மேலே வாருங்கள்.

காற்றுக்கும் தாகம் உண்டு

ஈரப்பதமானி 60 சதவீதம் என்று காட்டினால், காற்றில் 60 பங்கு தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இப்போதைய வெப்பத்தில் அந்தக் காற்று எவ்வளவு நீராவியை வைத்துக்கொள்ள முடியுமோ, அதில் 60 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். அந்த 'ஒப்பு' என்ற சொல்லைத்தான் நாம் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

வடாம் போட்டவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். சித்திரை வெயிலில் ஒரே நாளில் சுக்காகிவிடும் வடாம், ஐப்பசி அடைமழையில் மூன்று நாளானாலும் வளையும். சித்திரைக் காற்றுக்குத் தாகம் அதிகம். கண்ணில் பட்டதையெல்லாம் உறிஞ்சும். ஐப்பசிக் காற்று ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டது, இனி உறிஞ்ச இடமில்லை. மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப் போவதும் அதனால்தான்.

காற்றைச் சூடாக்கினால் அதன் தாகம் கூடும். எவ்வளவு கூடும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 30 கிராம். பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி என்றால் இரண்டரை கிராம்கூடக் கிடையாது.

இந்தக் கடைசி எண்தான் எங்கள் வீட்டு அப்பளக் கதைக்குக் காரணம். ஜனவரியில் டொரன்டோவில் வெளியே மைனஸ் 10 டிகிரி, வானொலியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்கிறார்கள். கேட்டால் சென்னை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றில் இருப்பது கனமீட்டருக்கு இரண்டு கிராம் நீராவிக்கும் குறைவு. அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 22 டிகிரிக்குச் சூடானால், 19 கிராம் கொள்ளும் இடத்தில் இரண்டு கிராம், அதாவது சுமார் 10 சதவீதம். நாம் குளிப்பது, குழம்பு கொதிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் தூக்கும். எங்கள் வீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டவில்லை. உதடு வெடித்தது, கதவுக் குமிழைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடித்தது. அந்த வறண்ட காற்றை எடுத்து, கம்பிவலை மூடி போட்ட ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, மேலே விளக்கை எரியவிட்டு 32 டிகிரிக்கு இன்னும் சூடாக்கினேன். தாகமெடுத்தவனுக்கு மேலும் உப்புப் போட்டதுபோல் ஆயிற்று. தொட்டிக்குள் 14 சதவீதம்.

வெப்பமும் ஈரப்பதமும் இப்படிப் பின்னிக் கிடப்பதால் இன்னொரு குழப்பமும் வரும். பால் பைத்தானுக்குத் தொட்டியில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை மிதமாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் 25 டிகிரியில் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று, அதே நீராவி, 32 டிகிரி இருக்கும் சூடான பக்கத்துக்குப் போனால் மீட்டர் சுமார் 47 சதவீதம் காட்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையவில்லை, தாகம்தான் கூடியிருக்கிறது. புதிதாக வளர்ப்பவர்கள் சூடான பக்கத்தில் மீட்டரை வைத்துவிட்டு "ஐயோ குறைகிறதே" என்று குடம் குடமாகத் தெளிப்பது இதனால்தான். மீட்டரைக் குளிர்ந்த பக்கத்தில், பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

ஆப்பிரிக்காக்காரனுக்கு எதற்கு ஈரம்?

என் மகனே கேட்டான்: "அப்பா, இது ஆப்பிரிக்கப் பாம்புதானே, அங்கே வறட்சிதானே?" நியாயமான கேள்வி. பால் பைத்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகம் போயிற்று. சகாராவிலிருந்து ஹர்மாட்டான் என்ற வறண்ட காற்று தூசியோடு வீசும் பகுதி அது. வெளியே மீட்டர் வைத்தால் பல மாதங்கள் வறட்சிதான் காட்டும்.

ஆனால் பாம்பு வெளியே இல்லை. பகல் முழுக்க எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் சுருண்டு கிடந்துவிட்டு இரவில்தான் வெளியே வரும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதையை நாம் ஏமாற்றுக்கு உவமையாகச் சொல்கிறோம். இங்கே அது நேரடியாகவே உண்மை. மண்ணுக்குள் இருக்கும் வளையில் வெயில் இல்லை, காற்றோட்டம் குறைவு, சுவரிலிருந்து கசியும் ஈரம் உள்ளேயே தங்கும். வளை ஒரு புழுக்கமான அறை. அந்த நாட்டு வானிலை அறிக்கையைப் பார்த்துத் தொட்டியை அமைத்தால் தப்பாகப் போகும். அமைக்க வேண்டியது அந்த வளையைத்தான்.

அந்தப் புழுக்கம் அதிகம் பயன்படுவது சட்டை உரிக்கும்போது. பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் உருவாகி முடிந்ததும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஊறும். அப்போது பாம்பின் நிறம் மங்கும். கண் இரண்டும் பூ விழுந்தாற்போல் நீலம் கலந்த வெள்ளையாகும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நோயல்ல. சில நாளில் கண் தெளிந்துவிடும். அதற்கடுத்து இன்னும் சில நாளில் மூக்கைக் கல்லில் தேய்த்துத் தோலைக் கிழித்து வெளியே வரும். காற்று வறண்டிருந்தாலோ பாம்பின் உடம்பிலேயே நீர் குறைந்திருந்தாலோ பழைய தோல் காய்ந்து புதுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான வெங்காயச் சருகு முழுசாக உரியும், காய்ந்தது நொறுங்கும், இல்லையா?

எனவே கண் மங்கியிருக்கும் அந்த ஒரு வாரத்தில் ஈரப்பதத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். பார்வை மங்கிய நேரத்தில் எரிச்சலோடு இருக்கும்.

நான் செய்த இரண்டாவது தப்பு

14 சதவீதத்தைப் பார்த்து அரண்டுபோய், ஒரு தெளிப்பானை வாங்கிக் காலை, மதியம், இரவு என்று மருந்து மாதிரி அடித்தேன். அடித்ததும் மீட்டர் 85க்கு எகிறும். ஒரு மணி நேரத்தில் பழையபடி 20. அடித்த தண்ணீர் எங்கே போனது? வலை மூடி வழியாகப் பாதி பறந்தது, மீதி தரையில் தேங்கியது. மூன்று வாரத்தில் லட்டுவின் வயிற்றுச் செதில்களின் ஓரத்தில் செம்பழுப்பாகத் திட்டுகள் வந்தன. கால்நடை மருத்துவர் திருப்பிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அடியில் எப்போதும் ஈரமாக இருக்கிறதா?"

ஈரப்பதம் வேறு, ஈரம் வேறு. பாம்பு வளர்ப்பில் பாதித் தொல்லை இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது. வேண்டியது காற்றில் நீராவி. வேண்டாதது வயிற்றுக்கு அடியில் ஈரத் தரை. இரவும் பகலும் நசநசவென்ற தரையில் கிடந்தால் செதில்களில் கிருமி புகுந்து கொப்புளித்து அழுகும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும். மூச்சுவிடும்போது கரகரப்பு, வாயோரம் நுரை, வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தியே வைத்திருப்பது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், ஊர்வன தெரிந்த மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். வறட்சியால் சட்டைதான் கெட்டது. நான் அவசரப்பட்டு ஊற்றிய தண்ணீரால் பாம்புக்கே ஆபத்து வந்திருக்கும்.

ஆவியைப் பிடித்து வைப்பது

தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னால், இருப்பது ஓடாமல் பார்க்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பானேன். முதல் ஓட்டை அந்தக் கம்பிவலை மூடி. சூடான காற்று மேலே எழும்பி அதன் வழியாகத்தான் நீராவியைச் சுமந்துகொண்டு போகிறது. விளக்கு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வலையின் மூன்றில் இரண்டு பங்கை அலுமினியத் தாளால் மூடினேன். எட்டு டாலர்கூடச் செலவில்லை, ஈரப்பதம் இரட்டிப்பானது. முழுக்க மூடிவிடக் கூடாது. காற்றோட்டமே இல்லாவிட்டால் பூஞ்சணம் படரும். பின்னால் பணம் சேர்ந்ததும், முன்பக்கம் திறக்கும் பி.வி.சி. தொட்டிக்கு மாறினோம். மேலே வலையே இல்லாததால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, முதலிலேயே அதை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது அடியில் பரப்பும் படுகை. செய்தித்தாள் விரிக்கலாம், சுத்தம் செய்ய எளிது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்காது. ஆஸ்பென் மரச்சீவல் நனைந்தால் பூத்துவிடும். சீடார், பைன் மரச்சீவல்களின் எண்ணெய் வாசனை பாம்பின் மூச்சுக்கு ஆகாது. நல்லது எது என்று தேடிப்போய்க் கடைசியில் தென்னை மரத்தில் வந்து நின்றேன். தேங்காய் மட்டையின் நார்த்தூளைச் செங்கல் மாதிரி இறுக்கிக் கட்டியாக விற்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகம் முழுக்கப் போகிற சரக்குதான். தண்ணீரில் போட்டால் ஊறிப் பொங்கும். நார்த்தூளோடு மட்டைத் துண்டுகளையும் கலந்து நாலு விரற்கடைக்குக் குறையாமல், முடிந்தால் எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்புங்கள்.

ஆழம் ஏன் என்றால், தண்ணீரை மேலே தெளிக்கப் போவதில்லை. தொட்டியின் நான்கு மூலைகளிலும் மெதுவாக ஊற்றப் போகிறோம். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், தொட்டியின் அளவைப் பொறுத்து. ஊற்றிய தண்ணீர் அடித்தட்டுக்கு இறங்கிப் பரவும். மேல்தட்டு காய்ந்தே இருக்கும். அடித்தட்டிலிருந்து ஆவி சிறுகச் சிறுக மேலேறிக் காற்றை நனைக்கும். பாம்பின் வயிறு காய்ந்த தரையில், மூக்கு புழுக்கமான காற்றில். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்: மேலே இரண்டு விரற்கடை உலர்ந்தும், அதற்குக் கீழே, பிழிந்தால் தண்ணீர் சொட்டாத அளவுக்குக் குளிர்ந்த ஈரமும் இருந்தால் சரி. எனக்குக் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது. ஜூலையில் மாதம் ஒருமுறைகூட இல்லை.

மூன்றாவது, பாம்பு பதுங்கிக்கொள்ள ஈரமான ஒரு மறைவிடம். ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடியில் பாம்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்து நன்றாகப் பிழிந்து வையுங்கள். தொட்டி முழுக்க 60 சதவீதம் வரவில்லையென்றாலும் இந்த டப்பாவுக்குள் 80க்கு மேல் இருக்கும். வேண்டும்போது பாம்பே போய்ப் படுத்துக்கொள்ளும், போதுமென்றால் வெளியே வந்துவிடும். நாம் கணக்குப் போடுவதைவிடப் பாம்பு கணக்குப் போடுவது மேல் என்பது என் கட்சி. பாசியை வாரத்துக்கு ஒருமுறை அலசுங்கள், நாற்றம் வந்தால் தூக்கிப் போடுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது, ஆவியாவதற்குப் பரப்புதான் கணக்கு. அறை முழுக்கவே வறண்டு கிடக்கும் ஊர்களில் அறைக்கு ஒரு ஈரமூட்டி வைத்தால் பாம்புக்கும் நல்லது, உங்கள் உதட்டுக்கும் நல்லது. தொட்டிக்குள் புகை மாதிரி ஆவி கக்கும் கருவிகளும் விற்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். மேலே சொன்னதெல்லாம் செய்தால் பால் பைத்தானுக்கு அது தேவைப்படாது.

மீட்டர் சொல்வது உண்மையா?

தொட்டியோடு கடையில் இலவசமாகக் கொடுத்த முள் மீட்டரை நான் முதல் மூன்று மாதம், 14 சதவீதத்தைக் காட்டிய டிஜிட்டல் மீட்டர் வரும்வரை, நம்பினேன். எப்போது பார்த்தாலும் 50. ஒருநாள் சந்தேகம் வந்து குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு வைத்துப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் வியர்த்துவிட்டது, முள் மட்டும் 50லேயே நின்றது. டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். அதையும் சோதித்துவிட்டு நம்புங்கள்.

சோதிக்க நம் அடுக்களையே போதும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் வேறு சில உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். இந்தக் குணத்தைத் திருப்பிப் பயன்படுத்தலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத உறையில் ஒன்றாகப் போட்டு மூடி, அறை வெப்பத்தில் ஓர் இரவு விடுங்கள். உப்பு மீட்டரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் உறைக்குள் 75 சதவீதம் இருக்கும். மீட்டர் 75 காட்டினால் நல்ல மீட்டர். எங்களுடையது 70 காட்டியது. அதன் முதுகில் '+5' என்று ஒட்டிவிட்டோம்.

எவ்வளவு வேண்டும்?

பால் பைத்தானுக்கு 60 முதல் 70 சதவீதம், சட்டை உரிக்கும் வாரத்தில் 80 வரை. நாள் முழுக்க ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல் நிற்க வேண்டியதில்லை. மத்தியானம் 55க்கு இறங்கி இரவில் 70க்கு ஏறுவது இயல்பு. நாள்கணக்கில் 40க்குக் கீழே கிடந்தாலோ, கண்ணாடியில் எந்நேரமும் தண்ணீர் வழிந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

உங்களுடையது வேறு பாம்பு என்றால் கணக்கும் வேறு. கார்ன் பாம்புக்கு 40 முதல் 60 போதும். கென்யாவின் மணல் போவா அதைவிட வறட்சியில் வாழ்வது. அதற்குப் பால் பைத்தானின் தொட்டியைக் கொடுத்தால் நோயில் விழும். பிரேசிலின் வானவில் போவாவுக்கு நேர்மாறாக 75க்குக் கீழே போனாலே ஆகாது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு மூடியை அடைப்பதற்குப் பதிலாகத் திறந்து வைக்கும் வேலைதான் இருக்கும்.

சட்டை ஒட்டிக்கொண்டுவிட்டால் உரித்து எடுக்க வேண்டும் என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, காற்றோட்டமுள்ள டப்பாவில் பாம்போடு வைத்து அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். துண்டின் மடிப்புகளுக்குள் நெளிந்து நெளிந்து அதுவே தேய்த்துக்கொள்ளும். லட்டுவுக்கு இரண்டு நாள், இரண்டு முறை தேவைப்பட்டது. வால் நுனியில் வளையமாகத் தங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். காய்ந்த வளையம் ரப்பர் பேண்டு மாதிரி இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும், நுனி கறுத்து விழும்.

இன்னொரு இடம் கண். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடிச்சில் போல ஒரு செதில் மூடியிருக்கும். சட்டையோடு அதுவும் கழன்று வரவேண்டும். வராமல் தங்கிவிட்டால் இடுக்கி, நகம் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள், கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைச் சரிசெய்து அடுத்த சட்டைவரை பொறுத்துப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

போன மாதம் லட்டு உரித்த சட்டை முழுசாக வந்தது. நீட்டி அளந்தால் பாம்பைவிட ஒரு சாண் நீளம். உரியும்போது இழுபட்டு நீளும். மகன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தலைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இருக்குப்பா, ரெண்டும் இருக்கு" என்றான். கடுகளவில், குமிழ்போல, இரண்டு கண்கள்.